சென்னையிலிருந்து சிங்கப்பூர்: தூரம் ஒன்று, நேரம் பல

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் விமானத் தூரம் எவ்வளவு என்று தேடினால் 2,920 கிலோமீட்டர் சொச்சம் என்று வரும். சரி, டிக்கெட்டைப் பாருங்கள். இரவு 11.15க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.15க்குச் சேரும் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏழு மணி நேரம். 2,920ஐ ஏழால் வகுத்தால் மணிக்கு 417 கிலோமீட்டர்தான் வருகிறது. ஜெட் விமானம் 800க்கு மேல் போகும் என்று அல்லவா கேள்விப்பட்டிருக்கிறோம்? திரும்பி வரும் டிக்கெட்டைப் பார்த்தால் தலை சுற்றும். சிங்கப்பூரில் இரவு 8.30க்கு ஏறினால் சென்னையில் 10.10க்கே இறக்கிவிடுகிறார்கள். ஒரு மணி நாற்பது நிமிடம். கணக்குப்படி மணிக்கு 1,750 கிலோமீட்டர், அதாவது ஒலியை விட வேகம்.

இரண்டு கணக்குமே தப்பு. முதலில் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு மற்றதற்குப் போவோம்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சாகிறது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதை விட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. காலை 6.15 என்பது நம் கணக்கில் அதிகாலை 3.45. ஆக, பயணம் நாலரை மணி நேரம். திரும்பும்போது 8.30 என்பது நம் கணக்கில் மாலை 6.00, 10.10க்கு இறங்கினால் நாலு மணி பத்து நிமிடம். விமான நேரத்தைக் கணக்கிட விரும்புகிறவர்கள் இரண்டு நேரத்தையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும். முன்பதிவுத் தளங்களில் பயண நேரம் என்று தனியாக ஒரு எண் இருக்கும். அது இந்த மாற்றத்தைச் செய்து முடித்த எண். சந்தேகம் வந்தால் அதையே நம்பலாம்.

இந்த இரண்டரை மணி வித்தியாசம் முழுக்க இயற்கை தந்ததல்ல. சென்னை கிழக்குத் தீர்க்காம்சம் (தீர்க்கரேகை) 80 பாகையில், அதாவது 80 டிகிரியில், இருக்கிறது, சிங்கப்பூர் 104இல். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று பார்த்தால் சூரியன் இரண்டு ஊர்களுக்கும் வருவதில் 96 நிமிட வித்தியாசம்தான். ஆனால் இந்தியக் கடிகாரம் 82.5 பாகையை வைத்து ஓடுகிறது. சிங்கப்பூரோ 1982 ஜனவரி 1 முதல் 120 பாகைக்குரிய நேரத்தைப் பின்பற்றுகிறது. இடையில் 37.5 பாகை, அதாவது 150 நிமிடம். சிங்கப்பூரில் காலை ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது என்று அங்கே போய் வந்தவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி தூரம். இணையம் காட்டும் 2,920 கிலோமீட்டர் எதிலிருந்து எது வரை? பெரும்பாலும் மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையம் வரை. சில தளங்கள் நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு அளக்கும். அதனால்தான் ஒரு தளத்துக்கும் இன்னொன்றுக்கும் பத்து இருபது கிலோமீட்டர் முன்பின் இருக்கும். அலகிலும் கவனம் வேண்டும். இதே தூரம் சாதாரண மைலில் 1,814, கடல் மைலில் 1,577. விமானிகளும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் பேசுவது கடல் மைலில். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்றால், பூமியின் மேல் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் நீளம் ஏறத்தாழ இதுதான். உருண்டையின் மேல் வழி தேடுகிறவர்களுக்குப் பாகையும் தூரமும் ஒன்றுக்கொன்று மாறிக்கொள்வது பெரிய வசதி.

உருண்டையின் மேல் தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மிக எளிய உதாரணத்துக்குச் சிங்கப்பூரை விட யாழ்ப்பாணம் தோது. சென்னை விமான நிலையத்தின் அட்சரேகை 12.99 பாகை வடக்கு. பலாலியில் உள்ள யாழ்ப்பாண விமான நிலையம் 9.79. தீர்க்காம்சம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, 80 பாகை. அதாவது பலாலி சென்னைக்கு நேர் தெற்கே இருக்கிறது. பாகை வித்தியாசம் 3.2. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 356 கிலோமீட்டர். அவ்வளவுதான் கணக்கு. ஒரு பாகைக்கு 111 என்பதும் மந்திரமில்லை. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர், அதை 360ஆல் வகுத்தால் வருவது.

ஊர்கள் ஒன்றுக்கொன்று குறுக்கே இருந்தால் கணக்கு கொஞ்சம் கடினமாகும். காரணம், அட்சரேகைப் பாகை எங்கும் 111 கிலோமீட்டர்தான் என்றாலும், தீர்க்காம்சப் பாகை துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கும். நிலநடுக்கோட்டில் 111, லண்டன் இருக்கும் அட்சரேகையில் 69, துருவத்தில் பூஜ்யம். எனவே திரிகோணமிதி வேண்டும். பள்ளியில் படித்த சைன், கோசைன்தான். இரண்டு ஊரின் அட்சரேகைகளையும் தீர்க்காம்ச வித்தியாசத்தையும் போட்டால் பூமியின் மையத்தில் அந்த இரண்டு ஊர்களும் உண்டாக்கும் கோணம் கிடைக்கும். சென்னை–சிங்கப்பூருக்கு அது 26.3 பாகை. 111.2ஆல் பெருக்குங்கள்: 2,924 கிலோமீட்டர். பூமி சரியான பந்தாக இல்லாமல் துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதால் இதில் அதிகபட்சம் அரை சதவீதம் போலப் பிழை வரலாம். பயணிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இப்படிக் கிடைக்கும் மிகக் குறுகிய பாதையைப் பெருவட்டப் பாதை என்பார்கள். தட்டையான உலக வரைபடத்தில் இது வளைந்து தெரியும். அதைப் பார்த்து ஏன் சுற்றிப் போகிறார்கள் என்று கேட்காதவர்கள் குறைவு. டெல்லி–சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் சீனா, ஜப்பான், பசிபிக் பெருங்கடல் என்று போகும். பந்து போன்ற உலக உருண்டையில் ஒரு நூலை இரண்டு ஊர்களிலும் பிடித்து இறுக்கிப் பாருங்கள். நூல் வடக்கே ஏறி சைபீரியாவுக்கு மேலே ஆர்க்டிக் வட்டத்துக்குள் புகுந்து அலாஸ்கா வழியாக இறங்கும். நூல் பொய் சொல்லாது. அந்தத் தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர். சென்னை–சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதில் இந்த வளைவு பெரிதாகத் தெரியாது.

தூரம் தெரிந்துவிட்டது. வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும்தானே? வராது. மறுபடி யாழ்ப்பாணத்துக்குப் போவோம். அந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் வகை, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறிகள் கொண்ட சின்ன விமானம். உயரே ஏறியபின் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் போகும். 356ஐ 500ஆல் வகுத்தால் 43 நிமிடம். டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணிக்குக் குறையாமல் போட்டிருக்கும். மீதி அரை மணி எங்கே போயிற்று?

டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு முன்னே வைத்த தடுப்புக் கட்டையை எடுத்து விமானம் நிறுத்துமிடத்தை விட்டு அசையும் நொடியில் அந்த நேரம் தொடங்குகிறது. போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் மறுபடி கட்டை வைக்கும்போது முடிகிறது. நடுவில் நடப்பதைச் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் புரியும். இழுவை வண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும். இஞ்சின்களை ஒவ்வொன்றாகக் கிளப்புவார்கள். பிறகு ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும். முன்னால் நாலைந்து விமானம் நின்றால் அந்த வரிசையில் பத்து நிமிடம் கரைந்துவிடும். மேலே கிளம்பிய பிறகும் முழு வேகம் உடனே கிடைக்காது. ஏறுவதற்கே பெரிய ஜெட்டுக்கு இருபது இருபத்தைந்து நிமிடம் வேண்டும். இறங்கும் வேலை, ஊர் வர 200 கிலோமீட்டர் இருக்கும்போதே தொடங்கிவிடும். ஓடுபாதையைத் தொடும்போது வேகம் 250 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்திருக்கும்.

திசை வேறு இருக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் மேலேறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். சென்னையின் முதன்மை ஓடுபாதை கிழக்கு மேற்காகச் சற்றே சாய்ந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில், கிழக்கே சிங்கப்பூருக்குப் போக வேண்டிய விமானம் முதலில் மேற்கு நோக்கிக் கிளம்பி, வளைந்து திரும்பி, பிறகுதான் கடல் பக்கம் வரும். 2,920 கிலோமீட்டர் பயணத்தில் இது சில்லறை. 356 கிலோமீட்டர் பயணத்தில் கைக்குத் தெரியும் தொகை. குறுகிய தூர விமானங்களில் தூரத்தைப் பார்த்து நேரத்தை ஊகிக்க முடியாமல் போவது இதனால்தான்: அங்கே பாதி நேரம் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்குமே போகிறது.

இதற்கெல்லாம் மேலாக விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டி வைத்தே நேரம் போடுகின்றன. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் ‘நேரத்துக்கு வந்தது’ என்பதே இத்துறையில் பரவலான கணக்கு. எனவே நெரிசலான விமான நிலையத்துக்குப் போகும் விமானத்துக்கு அட்டவணையிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகச் சேர்த்துவிடுவார்கள். குறித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே வந்துவிட்டோம் என்று பெருமையாக அறிவிப்பு வரும்போது, அந்த இருபது நிமிடம் யார் சேமித்தது என்று யோசித்துப் பார்க்கலாம்.

இப்போது காற்று. பயண நேரத்தை மிக அதிகமாக ஆட்டிவைப்பது இதுதான். நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயமும் இதுதான்.

விமானத்தின் வேகம் என்று சொல்வது அதைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால்? காவிரியில் வெள்ளம் ஓடும்போது பரிசல் போட்டவருக்கு விடை தெரியும். துடுப்பு அதே வேகத்தில்தான் விழும். ஆனால் கரையில் உள்ள மரங்கள் போகும்போது ஒரு வேகத்திலும் வரும்போது வேறு வேகத்திலும் நகரும். எண்ணில் பார்ப்போம். சிங்கப்பூர்த் தடத்தில் ஓடும் ஏ320 வகை ஜெட், காற்றில் மணிக்கு 830 கிலோமீட்டர் போகிறது என்று கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் 2,920 கிலோமீட்டருக்கு 3 மணி 31 நிமிடம். 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் தரையைப் பொறுத்த வேகம் 750 ஆகிறது. நேரம் 3 மணி 54 நிமிடம். அதே காற்று முதுகில் இருந்து தள்ளினால் வேகம் 910, நேரம் 3 மணி 13 நிமிடம். ஒரே விமானம், ஒரே தூரம், 41 நிமிட வித்தியாசம். இன்னொன்றையும் கவனியுங்கள்: எதிர்க்காற்று 23 நிமிடத்தைத் தின்றது, பின்காற்று திருப்பித் தந்ததோ 18தான். போகவர என்று கூட்டினால் காற்று எப்போதும் நஷ்டக் கணக்குதான்.

பல விமானங்களில் முன்னிருக்கையின் முதுகில் உள்ள திரையில் இதை நேரிலேயே பார்க்கலாம். வரைபடப் பக்கத்தைத் திறந்தால் உயரம், வெளி வெப்பம், தரை வேகம், சிலவற்றில் எதிர்க்காற்றின் வேகம் என்று எண்கள் மாறி மாறி வரும். படம் பார்க்கப் பிடிக்காதவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

உலகின் மிதவெப்ப மண்டலங்களில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஓடை என்னும் வேகக் காற்று ஆறு போல் ஓடுகிறது. 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது அது உச்சத்தில் இருந்தது. நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. வழக்கமாக ஆறு மணிக்கு மேல் ஆகும் பயணம் அது. தரை வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதா என்றால் இல்லை. காற்றைப் பொறுத்து அது தன் வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

இதை விட அழகான உதாரணம் நம் ஊரில் உண்டு. ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் முதலில் மேற்கே அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் கிழக்கே பசிபிக் வழியாகப் போய்ப் பார்த்தார்கள். தூரம் 15,300 கிலோமீட்டர், அதாவது 1,400 கிலோமீட்டர் கூடுதல். ஆனால் காற்று முதுகில். பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியை விட ஏறத்தாழ இரண்டு மணி மிச்சம். நீண்ட வழியே குறுகிய நேரம்.

இங்கே ஒரு கேள்வி தவறாமல் வரும். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, அப்படியானால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் எதிரே வந்து சேர வேண்டாமா? வேண்டாம். பூமியோடு சேர்ந்து காற்றும், காற்றில் இருக்கும் விமானமும், சுழன்றுகொண்டேதான் இருக்கின்றன. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. காற்று கூட வராவிட்டால் சென்னையில் மேலே எழும்பி மூன்று மணி சும்மா நின்றால் போதும், தரை தானாக நகர்ந்து ஆப்பிரிக்காவையே காலடியில் கொண்டுவந்து வைத்துவிடும். ஜெட் ஓடைகள் உருவாவதில் சுழற்சிக்கும் பங்கு உண்டுதான், ஆனால் அது வேறு கதை.

ஆக, கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே போனால் தாமதம் என்று பலரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு இந்த மனப்பாடம் உதவாது. அட்டவணையைப் பாருங்கள்: கிழக்கே போக நாலரை மணி, மேற்கே திரும்ப அதை விடக் குறைவு. நேர் எதிர்.

காரணம் நம் அட்சரேகை. நாம் மேற்குக் காற்று ஓடையின் எல்லைக்குத் தெற்கே இருக்கிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவம் நடக்கும்போது, தரையில் காற்று மேற்கிலிருந்து வீசினாலும் உயரே அதற்கு எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காக, ஒரு ஜெட் ஓடை தென்னிந்தியாவுக்கு மேலே ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைக்காற்று ஜெட் ஓடை என்று இதற்குப் பெயர். கோடையில் திபெத்திய மேட்டுநிலம் சூடாவதும், தெற்கே இந்தியப் பெருங்கடல் அந்த அளவுக்குச் சூடாகாமல் இருப்பதும் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. 1958இல் இதை விரிவாக விளக்கி எழுதியவர் பி. கோட்டேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநராக இருந்தவர். ஓடையின் நடுப்பகுதி 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பயணிகள் விமானம் பறப்பது 10 முதல் 12 கிலோமீட்டரில் என்பதால் முழு வேகமும் தாக்காது. ஆனாலும் நன்றாகவே தள்ளும். ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் விமானம் குறித்த நேரத்துக்கு முன்பே மீனம்பாக்கத்தில் இறங்கினால் அதில் கோட்டேஸ்வரத்தின் காற்றுக்கும் பங்கு உண்டு.

கடைசியாக, நாடுகளின் எல்லை. எந்த நாட்டின் வான்வெளி மூடியிருக்கிறதோ அதைச் சுற்றித்தான் போக வேண்டும். 2019 பிப்ரவரி 27 முதல் ஜூலை 16 வரை பாகிஸ்தான் தன் வான்வெளியின் பெரும்பகுதியை மூடியிருந்தபோது, டெல்லியிலிருந்து இஸ்தான்புல் போன இண்டிகோ விமானம் எரிபொருளுக்காக தோஹாவில் இறங்கிப் போக வேண்டியிருந்தது. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டபோது பின்னேர் நிறுவனத்தின் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி வாக்கிலிருந்து பதின்மூன்று மணிக்கு ஏறியது. இணையத்தில் தூரத்தைத் தேடினால் அப்போதும் பழைய எண்தான் வந்திருக்கும்; பெருவட்டத்துக்கு அரசியல் தெரியாது. சென்னை–சிங்கப்பூர் பாதையில் அந்தத் தொல்லை இல்லை. வங்காள விரிகுடா, நிக்கோபார் பக்கம், மலாக்கா நீரிணை என்று பெரும்பாலும் கடல் மேலேயே போகிறது.

அவசரத்துக்கு ஒரு கணக்கு வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளலாம்: ஜெட் விமானமாக இருந்தால் பெருவட்டத் தூரத்தை 800ஆல் வகுத்து, அரை மணி கூட்டுங்கள். சிங்கப்பூருக்கு 3 மணி 39 நிமிடத்தோடு அரை மணி, 4 மணி 9 நிமிடம். அட்டவணைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சென்னை–லண்டன் 8,230 கிலோமீட்டர். இதே கணக்கில் பத்தே முக்கால் மணி வரும். பெரிய விமானங்கள் 900 கிலோமீட்டர் அளவில் போகும் என்பதால் இது குறைய வேண்டும், ஆனால் மேற்கே போகும்போது எதிர்க்காற்றும் சுற்று வழியும் அந்த லாபத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஏடிஆருக்கு இந்தச் சூத்திரம் செல்லாது. அதற்கு 500ஆல் வகுங்கள்.

நேரடி விமானத்துக்குத்தான் இந்தக் கணக்கு. கொழும்பிலோ கோலாலம்பூரிலோ மாறிப் போகும் டிக்கெட்டில் மொத்த நேரம் பதினோரு மணி என்று காட்டினால் அதில் காத்திருப்பு அடக்கம். ஒவ்வொரு பகுதியின் பயண நேரத்தையும் தனித்தனியாகக் கூட்டி மொத்தத்திலிருந்து கழித்துவிட்டால் எத்தனை மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது தெரிந்துவிடும். விலை குறைவு என்று எடுப்பதற்கு முன் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.